கீறலை அறியாத ஒளி

எண்ணெயிற் பொரித்த வடையைப் பழைய பத்திரிகைத் தாளிற் சுற்றி வாங்கிச் செல்வோர் ஒரு சிறு விந்தையைக் கண்டிருப்பர். எண்ணெய் ஊறிய இடத்திலே தாள் ஒளி புகும் தன்மை பெற்று, மறுபுறத்து எழுத்துக்கள் இப்புறம் தெரியத் தொடங்கும். தாளிலிருந்து யாதொன்றும் நீக்கப்படவில்லை. எண்ணெய் என்னும் ஒரு பொருள் கூட்டப்பட்டிருக்கிறது. ஒன்றைக் கூட்டியதனால் மறைப்புக் குறைந்தது.

இதன் காரணம் யாது? தாள் என்பது எண்ணற்ற நார்களின் பின்னல். நார்களுக்கிடையே காற்று நிரம்பியுள்ளது. நாரிலிருந்து காற்றுக்கும் காற்றிலிருந்து நாருக்கும் மாறிமாறிச் செல்லும் ஒளி, ஒவ்வோர் எல்லையிலும் திசை முறிந்து சிதறுகிறது. எண்ணெய் அக்காற்றை வெளியேற்றி அவ்விடத்தைத் தான் நிரப்பிவிட்டால், ஒளியைப் பொறுத்தமட்டில் நாருக்கும் எண்ணெய்க்கும் வேற்றுமை மிகச் சிறிதே. ஆகவே ஒளி பெரும்பாலும் நேரே சென்றுவிடுகிறது. பௌதிக நூல்கள் இதனை முறிவுச் சுட்டி என்னும் எண்ணால் விளக்கும். காற்றின் முறிவுச் சுட்டி 1.00, நீருக்கு 1.33, கிளிசரினுக்கு 1.47, சாதாரண கண்ணாடிக்கு ஏறக்குறைய 1.52. இரு பொருள்களின் சுட்டிகள் ஒன்றையொன்று நெருங்க நெருங்க, அவற்றுக்கிடையேயுள்ள எல்லை ஒளிக்குப் புலப்படாது மறையும்.

இச்சிறிய உண்மை நிழற்படக் கலையின் வரலாற்றிலே அக்கலை தோன்றிய நாள் முதலாகப் பணிபுரிந்து வந்துள்ளது. பழைய நெகட்டிவ்களைத் திரவத்தில் நனைத்து வைத்து, அவற்றின் கீறல்கள் தோன்றாதவாறு ஸ்கேனரினாற் பதிவுசெய்து பெரிய படங்களாக அச்சிடும் இன்றைய முறை அதன் அண்மைக்கால வடிவமாகும்.

1835ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், இங்கிலாந்திலே லேக்கொக் அபி என்னும் மாளிகையில் வாழ்ந்த வில்லியம் ஹென்றி ஃபொக்ஸ் டல்பொட் என்பார், தம் வீட்டுச் சாளரமொன்றின் உருவத்தை இரசாயனம் பூசிய சிறு தாளிலே பதித்தார். தபால் முத்திரையளவினதான அப்படத்தில் வெளிச்சம் கருமையாகவும் நிழல் வெண்மையாகவும் மாறித் தோன்றின. இன்று எஞ்சியிருக்கும் கமரா நெகட்டிவ்களுள் மிகப் பழையது அதுவே. பின்னர் 1841ஆம் ஆண்டில் அவர் ‘கலோடைப்’ என்னும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு நெகட்டிவிலிருந்து எத்தனை படிகளையும் எடுக்கலாம் என்பதே அம்முறையின் பெருஞ் சிறப்பு. ஆயின் அதிலே ஓர் இடர் இருந்தது. நெகட்டிவ் தாளாலானது, ஆகவே அத்தாளின் நார்களும் படத்தோடு சேர்ந்து அச்சாகின. முகத்தின் மீதும் வானத்தின் மீதும் ஒருவகைப் புள்ளிப் படலம் படிந்தது.

இவ்விடருக்குக் கண்ட பரிகாரம் மெழுகு. நெகட்டிவ் தாளின் மீது மெழுகை உருக்கி ஊறவிட்டால், நார்களுக்கிடையேயுள்ள காற்று அகன்று தாள் தெளிவு பெறும். 1851ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டவராகிய குஸ்தாவ் லெ கிரே என்பார், இரசாயனம் பூசுவதற்கு முன்பே தாளை மெழுகில் ஊறவைக்கும் முறையை விளக்கி வெளியிட்டார். மெழுகு படத்திலே ஒரு கோட்டைத்தானும் வரையவில்லை. ஒரு புள்ளியைத்தானும் அழிக்கவில்லை. ஒளியின் வழியிலிருந்த காற்றை அகற்றியது, அவ்வளவே. பின்னாளில் வந்த முறைகள் யாவற்றுக்கும் இதுவே அடிப்படையாயிற்று.

அதே 1851ஆம் ஆண்டில் ஃபிரெடெரிக் ஸ்கொட் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர், கொலோடியன் பூசிய கண்ணாடித் தகட்டிலே நெகட்டிவ் எடுக்கும் முறையை வெளியிட்டார். கண்ணாடிக்கு நார் இல்லை; எனவே தாளின் தொல்லை தீர்ந்தது. ஆயினும் அக்காலத்தில் பெரும்பாலும் நெகட்டிவைத் தாளின் மீது நேரே வைத்து வெயிலில் அச்சிடுவதே வழக்கமாக இருந்தபடியால், பெரிய படம் வேண்டியவர் பெரிய கண்ணாடித் தகட்டையே சுமக்க வேண்டியதாயிற்று.

அவ்வாறு பெரிய தகடுகளைக் கையாண்டவர்களுள் இலங்கையோடு தொடர்புடைய ஒருவர் ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார். ஏறக்குறைய 15 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் கொண்ட தகடுகளில் அவர் மனித முகங்களைப் பதித்தார். அவருடைய தகடுகளிற் கீறலும், கறையும், விரல் அடையாளமும் இருந்தமையைக் குறித்து அக்கால விமரிசகர் சிலர் இகழ்ந்து எழுதினர். அவர் அதனைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1875ஆம் ஆண்டில் கணவரோடு இலங்கைக்கு வந்து குடியேறிய அவர், இங்கும் சில படங்களை எடுத்தார். 1879ஆம் ஆண்டு ஜனவரி மாதம் மலைநாட்டிலே காலமாகி, பொகவந்தலாவையிலுள்ள தேவாலயத்தின் வளவில் அடக்கம் செய்யப்பட்டார்.

கமரன் அம்மையாரின் காலத்தில் தகட்டிலிருந்த கீறல், தகட்டிலிருந்த அளவிலேயே படத்திலும் தோன்றியது. பின்னர் நிலைமை மாறிற்று. 1889ஆம் ஆண்டில் ஜோர்ஜ் ஈஸ்ற்மனின் நிறுவனம் செலுலோயிட் பிலிம் சுருளை விற்பனைக்குக் கொணர்ந்தது. மின்விளக்கும், விரைவிற் பதியும் அச்சுத்தாளும் பரவியபோது, சிறிய நெகட்டிவை ஒளிபெருக்கியில் வைத்துப் பெரிய படம் எடுப்பது எங்கும் வழக்கமாயிற்று. நெகட்டிவ் சிறுத்தது, படம் பெருத்தது, படத்தோடு கீறலும் பெருத்தது. 36 மில்லிமீற்றர் நீளமுள்ள ஒரு நெகட்டிவிலிருந்து 36 அங்குல நீளமான படம் அச்சிடுவதாயின், அது 25 மடங்குக்கு மேற்பட்ட பெருக்கமாகும். 0.02 மில்லிமீற்றர் அகலமான, கண்ணுக்கு எளிதிற் புலப்படாத ஒரு கீறல் அப்படத்திலே அரை மில்லிமீற்றர் அகலமான கோடாகிவிடும். கண்ணாடியினும் மென்மையானதாகிய பிலிமோ, கண்ணாடியினும் எளிதிற் கீறுபட்டது.

கீறல்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல. பிலிமுக்கு இரு பக்கங்கள் உண்டு. ஒரு பக்கத்தில் வெள்ளித் துகள்களைத் தாங்கிய ஜெலற்றின் பூச்சு இருக்கிறது. படம் இருப்பது அப்பூச்சிலேதான். மறுபக்கம் வெறும் தாங்கு படலம். இப்படலத்திற் கீறல் விழுந்தால் படத்துக்கு யாதொரு சேதமுமில்லை. எனினும் அக்கீறல் காற்று நிறைந்த சிறு பள்ளமாதலால், அதில் வந்து படும் ஒளி நேரே செல்லாமற் பக்கத்தே முறிந்து விலகுகிறது. அவ்விடத்தில் அச்சுத்தாளுக்கு ஒளி குறைகிறது. படத்தில் வெண்கோடு விழுகிறது. பூச்சே கீறுண்டு வெள்ளி உதிர்ந்திருந்தாலோ, அவ்விடத்தில் ஒளி மிகுதியாகச் சென்று கருங்கோடு விழும். முன்னது ஒளியின் வழி தவறியதால் வந்த குறை. பின்னது படத்தின் ஒரு பகுதியே இறந்துபட்டமையால் வந்த குறை. பழம் படங்களை மீட்போர் முதன்முதலாகக் கற்கும் பாடம் இவ்வேறுபாடே.

குறைகளை மறைப்பதற்கு நிழற்படக் கலைஞர்க்கு இரண்டு வழிகள் திறந்திருந்தன. வியக்கத்தக்க வகையில், அவ்விரண்டும் 1855ஆம் ஆண்டிலே பாரிஸ் மாநகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில் மக்கள் முன் வந்தன. ஜெர்மனியில் மியூனிக் நகரத்துப் படப்பிடிப்பாளராகிய ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டெங்ல், ஒரே முகத்தின் இரு படங்களை அங்கே வைத்தார். ஒன்று நெகட்டிவில் உள்ளவாறே அச்சிட்டது. மற்றது நெகட்டிவைக் கைத்திறனாற் திருத்திய பின் அச்சிட்டது. முகச் சுருக்கங்கள் மறைந்த படத்தைக் கண்டு மக்கள் மகிழ்ந்தனர். அன்று தொடங்கிய ‘ரீற்றச்’ என்னும் கலை உலகெங்கும் படப்பிடிப்பு நிலையங்களிற் பரவியது. கூரிய பென்சிலும் நுண்ணிய தூரிகையும் கொண்டு கீறலை மூடுவோர் திறமை மிக்கவரே. ஆயினும் அவர் மூடிய இடத்தில் இருப்பது அவருடைய ஊகம். ஒளி எழுதிய எழுத்தன்று.

அதே பொருட்காட்சிக்கு இத்தாலி நாட்டு விஞ்ஞானி ஜியோவன்னி பத்திஸ்தா அமீச்சி, நுணுக்குக்காட்டிக்கென அமைத்த ஒரு வில்லையைக் கொண்டுவந்தார். வில்லைக்கும் பார்க்கப்படும் பொருளுக்கும் இடையே காற்று இருக்க விடாமல், ஒரு துளி நீரை இட்டுப் பார்க்கும் அமைப்பு அது. 1878ஆம் ஆண்டில் ஜெர்மனியிலே ஏர்ன்ஸ்ட் அபே, கார்ல் சைஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, நீருக்குப் பதிலாகக் கண்ணாடிக்கு நிகரான முறிவுச் சுட்டி கொண்ட எண்ணெயைப் பயன்படுத்தும் வில்லையை அமைத்தார். அமீச்சியும் அபேயும் நெகட்டிவ்களைப் பற்றிச் சிந்தித்தவரல்லர்; நுண்ணிய பொருளைத் தெளிவுறக் காண்பதே அவர்தம் நோக்கம். எனினும் ஒளி செல்லும் வழியிற் காற்றை அகற்றித் தக்க திரவத்தை நிரப்புக என்னும் விதி அவர்களால் விஞ்ஞானத்தில் உறுதிபெற்றது.

இருட்டறைத் தொழிலாளர் இவ்விதியை நூலிற் படித்துக் கற்றவரல்லர். கீறிய நெகட்டிவ் கையிற் கிடைத்தால், மூக்கின் பக்கத்தே விரலைத் தேய்த்து, அவ்விரலிற் பட்ட எண்ணெய்ப் பிசுக்கை நெகட்டிவின் பின்புறத்திலே மெல்லப் பூசுவர். கீறல் மறைந்துவிடும். சிலர் இரு கண்ணாடிகளுக்கிடையே கிளிசரினை இட்டு நெகட்டிவை அதனுள் வைத்து அச்சிட்டனர். இதனால் வேறொரு தொல்லையும் தீர்ந்தது. பிலிமும் கண்ணாடியும் நெருங்கித் தொடும் இடத்திற் சிக்கிக்கொள்ளும் மெல்லிய காற்றுப் படலம், எண்ணெய் மிதக்கும் மழைநீரிற் காணும் நிறங்களைப் போன்று வளைய வளையமாகக் கோலங்களை உண்டாக்கும். ஐசாக் நியூற்றன் 1704ஆம் ஆண்டு வெளியிட்ட ஒளியியல் நூலிலே ஆராய்ந்தமையால் அவை நியூற்றன் வளையங்கள் எனப் பெயர் பெற்றன. காற்று நீங்கினால் வளையங்களும் நீங்கும்.

கைத்தொழிற் பழக்கமாக இருந்த இம்முறை, பெரிய அளவில் இயந்திரமயமாகியது சினிமாவின் பொருட்டேயாகும். சினிமாப் படச்சுருளில் ஒவ்வொரு வினாடிக்கும் 24 படங்கள் ஓடுகின்றன. ஒன்றரை மணி நேரப் படமொன்றில் ஏறக்குறைய 1,30,000 தனிப் படங்கள் உள்ளன. தூரிகை கொண்டு அத்தனையையும் திருத்துவது எவ்வாறு? 21 மில்லிமீற்றர் அகலமான அச்சிறு படம் 10 மீற்றர் அகலமான வெண்திரையில் விழும்போது, நூறில் ஒரு பங்கு மில்லிமீற்றர் கீறல் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் கோடாகும். பல படங்களினூடே நீண்டு செல்லும் கீறலாயின், திரையிலே இடையறாது மழை பெய்வது போன்ற தோற்றம் உண்டாகும். பழைய படம் பார்த்த நேயர்கள் அம்மழையை நன்கு அறிவர்.

1957ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொடாக் நிறுவன ஆய்வாளர்கள், படச்சுருளைத் திரவத்தில் அமிழ்த்தியவாறே பிரதி எடுக்கும் முறையைத் தொழில்நுட்பக் கட்டுரைகளாக வெளியிட்டனர். அம்முறைக்குத் தகுந்த திரவத்தைத் தேர்ந்தெடுப்பது எளிதாயிருக்கவில்லை. நீர் உதவாது, அதன் முறிவுச் சுட்டி போதாது, அன்றியும் ஜெலற்றின் நீரிலே ஊறிப் பருத்துவிடும். தேடிய திரவம் பிலிமின் சுட்டியாகிய ஏறக்குறைய 1.48ஐ நெருங்க வேண்டும், பிலிமைக் கரைக்கலாகாது, எளிதிற் தீப்பற்றலாகாது, பிரதி எடுத்தவுடன் கறையின்றி உலர்ந்துவிட வேண்டும். இவை யாவும் ஒருங்கே பொருந்தியது பேர்குளோரோஎதிலீன். உடைகளை நீரின்றி வெளுக்கும் நிலையங்களிலே பயன்பட்ட திரவம் அது. அதன் சுட்டி ஏறக்குறைய 1.5. அதன் பின் உலகின் பல திரைப்பட ஆய்வுகூடங்கள் இம்முறையை ஏற்றன.

ஆயினும் நன்மையோடு ஒரு கேடும் உடன் வந்தது. அத்திரவத்தின் ஆவி மனித உடலுக்கு ஏற்றதன்று. 1995ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகவரகம், அது மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் எனக் கருதத்தக்க பொருள்களின் வரிசையிலே அதனைச் சேர்த்தது. படத்தின் கீறலை மறைக்கும் திரவம் தொழிலாளியின் ஆயுளைக் குறைக்கலாகாதன்றோ! ஆகவே மூடிய இயந்திரங்களும், ஆவியை உறிஞ்சி அகற்றும் குழாய்களும் இம்முறைக்கு இன்றியமையாதன ஆயின.

அதே 1957ஆம் ஆண்டு, அமெரிக்கத் தேசிய நியம நிலையத்திலே ரசல் கேர்ஷ் என்னும் பொறியியலாளரும் அவருடைய துணைவரும் வேறொரு புதுமை செய்தனர். 5 சென்ரிமீற்றர் சதுரமான ஒரு குழந்தையின் படத்தைச் சுழலும் உருளையிற் பொருத்தி, புள்ளி புள்ளியாக அளந்து, கணனியினுள் எண்களாகப் பதித்தனர். நெடுக்கில் 176, குறுக்கில் 176; ஆக 30,976 புள்ளிகள். கணனியிற் பதிந்த முதற் படம் அதுவே. திரவமும் ஸ்கேனரும் ஒரே ஆண்டிலே தனித்தனியாக வளர்ந்து, பின்னாளில் ஒன்றுசேர்ந்தன. அச்சுத் தொழிலிற் பயன்பட்ட உருளை ஸ்கேனர்களிலே பிலிமை எண்ணெயால் ஒட்டிப் பதிவது வழக்கமாயிற்று. பின்னர் விலை குறைந்த தட்டை ஸ்கேனர்கள் வந்தபோது, அம்முறை சிறிய படப்பிடிப்பு நிலையங்களுக்கும் தனி மனிதர்க்கும் எட்டியது.

செய்முறை எளிது, பொறுமைதான் வேண்டும். நெகட்டிவின் தூசியை முதலில் அகற்றுவர். ஸ்கேனருக்கென அமைந்த கண்ணாடித் தட்டின் மீது சில துளி திரவத்தை இடுவர். நெகட்டிவை ஒரு விளிம்பிலிருந்து மெல்லச் சாய்த்துப் படியவிடுவர். அதன் மேல் மீண்டும் சில துளிகளை இட்டு, தெளிந்த பிளாஸ்ரிக் தாளொன்றை விரித்து, காற்றுக் குமிழிகளை ஓரத்துக்குத் தள்ளி வெளியேற்றுவர். ஒரு குமிழி எஞ்சினும் படத்தில் அது வட்டமாக விழும். இதற்கென விற்கப்படும் திரவங்களுட் பல விரைவில் ஆவியாகித் தாமே உலர்வன. ஆனால் எளிதிற் தீப்பற்றுவன. எனவே காற்றோட்டமுள்ள அறையும், அருகில் நெருப்பின்மையும் அவசியம். இவ்வாறு வைக்கப்பட்ட பிலிம் வளையாது தட்டையாகக் கிடப்பதால், விளிம்பு முதல் நடுவரை ஒரே தெளிவும் கிடைக்கிறது. 5 அங்குலத்துக்கு 4 அங்குலமான ஒரு நெகட்டிவை அங்குலத்துக்கு 2,400 புள்ளிகளாகப் பதிந்தால், 11 கோடி 52 இலட்சம் புள்ளிகள் சேரும். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட்டால் 40 அங்குலத்துக்கு 32 அங்குலமான படமாகும்.

கணனியே கீறலை நீக்குமன்றோ, திரவம் எதற்கு என்று ஒருவர் வினவலாம். கண்ணுக்குத் தெரியாத செந்நிறக் கீழ்க் கதிர்களைப் பிலிமினூடே செலுத்தித் தூசியையும் கீறலையும் மட்டும் பிரித்தறியும் ஸ்கேனர்கள் உண்டு. வர்ணப் பிலிமின் சாயங்கள் அக்கதிருக்கு வழிவிடுவதால் அம்முறை அங்கே நன்கு பயன்படுகிறது. ஆனால் கறுப்பு வெள்ளைப் பிலிமிலுள்ள வெள்ளி அக்கதிரையும் தடுத்துவிடுகிறது. எனவே எது படம், எது தூசி என்று இயந்திரத்தாற் பிரித்தறிய இயலாது. அத்துடன், கணனி நீக்கும் கீறலின் இடத்தில் அது நிரப்புவது அயலிலுள்ள புள்ளிகளைக் கொண்டு செய்த ஊகமே. அன்று தூரிகை செய்த பணியை இன்று கணனி செய்கிறது. திரவமோ ஊகஞ் செய்வதில்லை. கீறலின் கீழே சேதமின்றி இருந்த உண்மையான படத்தையே வெளிப்படுத்துகிறது. மூதாதையரின் முகங்களும், அழிந்துபோன வீதிகளும் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலேயே எஞ்சியுள்ளன என்பதை எண்ணினால், இவ்வேறுபாடு எத்துணை முக்கியமானது என்பது விளங்கும்.

எனினும் திரவத்தின் ஆற்றலுக்கு எல்லை உண்டு. வானிஷ் பூசிய பழங் கண்ணாடித் தகடுகளையும், பென்சிலாலும் சாயத்தாலும் திருத்தப்பெற்ற நெகட்டிவ்களையும் ஆராயாமல் நனைத்தலாகாது. சில திரவங்கள் அப்பூச்சையும் திருத்தத்தையும் கரைத்துவிடக்கூடும். பூச்சிலிருந்து வெள்ளி உதிர்ந்துவிட்ட இடத்திலே எத்திரவமும் படத்தைத் தோற்றுவிக்காது. தீ தின்ற பிலிமுக்கோ பரிகாரமே அரிது.

இதற்குச் சான்று சத்தியஜித் ரேயின் மூன்று படங்களின் கதை. ‘பாதேர் பாஞ்சாலி’ 1955ஆம் ஆண்டிலும், ‘அபராஜிதோ’ 1956ஆம் ஆண்டிலும், ‘அபூர் சன்சார்’ 1959ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. ரே 1992ஆம் ஆண்டிற் காலமான பின், அவற்றின் மூல நெகட்டிவ்கள் செப்பனிடும் பொருட்டு இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. 1993ஆம் ஆண்டு ஜூலை மாதம், அவை இருந்த ஆய்வுகூடத்திலே தீப்பிடித்தது. கருகிச் சுருங்கிய சுருள்களை எவரும் வீசி எறியவில்லை. அவை அமெரிக்காவிற் பேணி வைக்கப்பட்டன. இருபது ஆண்டுகள் சென்றபின், இத்தாலியின் பொலோஞா நகரத்து நிபுணர்கள், நொறுங்கும் நிலையிலிருந்த அச்சுருள்களுக்கு இரசாயனக் கரைசலினால் மீண்டும் நெகிழ்ச்சி ஊட்டி, விளிம்புத் துளைகளைக் கையாற் செப்பனிட்டு, ஸ்கேனரிற் பதிந்தனர். முதற் படத்தில் நூற்றுக்கு 40 பங்கும், இரண்டாம் படத்தில் நூற்றுக்கு 60 பங்குக்கு மேலும் மூல நெகட்டிவிலிருந்து கிடைத்தன. மூன்றாவதன் எஞ்சிய துண்டுகள் பயன்படவில்லை. குறைந்த பகுதிகள் யாவும் பிற நாடுகளிற் பேணப்பட்டிருந்த பிரதிகளிலிருந்து பெறப்பட்டன. 2015ஆம் ஆண்டில் மூன்று படங்களும் மீண்டும் திரைக்கு வந்தன.

இலங்கையிலும் இத்தகைய துயரம் நிகழ்ந்ததுண்டு. 1983ஆம் ஆண்டு ஜூலை வன்செயலின்போது ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்ரூடியோ எரியூட்டப்பட்டது. அங்கிருந்த படச்சுருள்களும் நெருப்புக்கு இரையாயின. அதன் பின் வந்த போர்க் காலத்திலே, வீட்டை விட்டு ஓடிய குடும்பங்கள் பலவற்றின் திருமணப் படங்களும் பிள்ளைகளின் படங்களும் நெகட்டிவ்களோடு மறைந்தன. கீறுண்ட நெகட்டிவ் ஒன்று அலுமாரியின் மூலையில் எஞ்சியிருப்பின், அதனை உடையவர் பேறு பெற்றவரே.

கீறல் கண்டவுடன் நெகட்டிவ் பாழாயிற்று என்று கைவிடுவோர் பலர். பின்புறத்திலே நூறு கீறல் இருப்பினும், வெள்ளிப் பூச்சு சிதையாதிருந்தால் படம் அங்கே முழுமையாகவே இருக்கிறது. அதனை ஈரமும் வெப்பமும் தாக்காது பேணி வைத்தால், என்றோ ஒருநாள், ஒரு துளித் திரவத்தின் உதவியாலே, அன்று அம்முகத்திற் பட்டு வந்த ஒளியின் பதிவு மீண்டும் தெளிவாக வெளிப்படும்.